மேற்கு வாஷிங்டன் தெருவின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இண்டியானாபொலிஸ் நகரின் மேற்கு வாஷிங்டன் தெருவில் 690-ஆம் எண்ணிலும் 700-ஆம் எண்ணிலும் இயங்கும் கூடைப்பந்து விதிக்குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

690-இல் இருப்பது உயர்நிலைப்பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. 700-இல் இருப்பது என்.சி.ஏ.ஏ. என்று எல்லாரும் அறிந்த கல்லூரி விளையாட்டுச் சங்கம். இருவருமே கன்சாஸ் சிட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் 1999-இலும் மற்றவர் அடுத்த ஆண்டும் இங்கே குடியேறினீர்கள். காப்பிப் பொடி தீர்ந்துபோனால் கைமாற்று கேட்கும் தூரத்தில் இருக்கிறீர்கள். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பையனை எத்தனை வினாடி நிற்கவிடலாம் என்பதில் உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

நான் கோயம்புத்தூரில் பள்ளிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். இப்போது அமெரிக்காவில் பகலில் கணினி வேலை பார்க்கிறேன். கடந்த ஆறு குளிர்காலங்களாக, மாலை நேரங்களில் உயர்நிலைப்பள்ளி ஆட்டங்களில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு விசில் ஊதுகிறேன். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே அஞ்சலில் வரும். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், நான் ஊதும் அரங்குகளின் மரப்படிகளில் இப்போது தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்துக் கத்துவதில் பாதி உங்களைப் பார்த்துக் கத்த வேண்டியது.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் பகுதி முடிய ஒரு நிமிடம். வெள்ளைச் சட்டை அணியின் பையன் ஒருவன் வலப்பக்கத்திலிருந்து கூடையை நோக்கிப் பாய்ந்தான். மறுபக்கத்திலிருந்து உதவிக்கு வந்த தடுப்பாளன் கூடைக்கு நேர் கீழே இரு காலையும் ஊன்றி, நெஞ்சைக் காட்டி நின்றுவிட்டான். பாய்ந்தவன் தரையை விட்டு எழும்பியது அதற்குப் பிறகுதான். மோதல். இருவரும் தரையில் கிடந்தார்கள். நான் விசில் ஊதி, கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, சார்ஜ் என்று அறிவித்தேன். ஃபவுல் பாய்ந்தவன் மேல்.

அரங்கமே எழுந்துவிட்டது. "அவன் வில்லுக்குள் நிற்கிறான்!" என்று பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் கண்ணில் குறையில்லை. அந்த அரங்கின் தரையில், கூடையின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து நான்கு அடி தூரத்தில் அரைவட்டமாக ஒரு கோடு வரையப்பட்டிருந்தது. கல்லூரிப் பயிற்சி முகாம்களுக்கும் அதே தரைதான். கல்லூரி விதிப்படி உதவிக்கு வரும் தடுப்பாளன் அந்த வில்லுக்குள் நின்று சார்ஜ் வாங்க முடியாது. 2011-12 பருவத்தில் மூன்று அடியாக வந்த அந்தக் கோடு ஆண்கள் ஆட்டத்தில் 2015-16-இல் நான்கு அடியானது. பள்ளி விதிநூலில் அந்த வில்லே கிடையாது. என் கணக்கில் அது தரையில் கிடக்கும் வெறும் வண்ணம், வாலிபால் கோட்டையும் பூப்பந்துக் கோட்டையும் போல.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஒரு தமிழ் அப்பா என்னிடம் வந்தார். கோபம் அப்போதும் முழுக்க ஆறவில்லை, ஆனாலும் மரியாதையாகவே கேட்டார். "சார், ஒரு சந்தேகம். டிவியில் அதை பிளாக் என்று, தடுத்தவன் மேல் ஃபவுலாகத்தானே கொடுக்கிறார்கள்?" ஆமாம் என்றேன். கைப்பேசியில் பள்ளி விதியைக் காட்டி, அதில் வில் என்ற பேச்சே இல்லை என்றேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் என் பையனுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுக்க? கூடைக்கு அடியில் போய் நில் என்றா, நிற்காதே என்றா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இது ஒரு சின்ன வில்லோடு முடிந்துவிட்டால் நான் தபால்தலைக்குச் செலவு செய்திருக்க மாட்டேன். பந்தைத் தட்டியபடி ஒருவன் தன் முன்களத்தில், அதாவது தான் எறிய வேண்டிய கூடை இருக்கும் பாதியில் நிற்கிறான், தடுப்பாளன் ஆறடிக்குள் நெருங்கி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆட்டம் என்றால் நான் கையை வீசி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க வேண்டும். ஐந்து வினாடிக்குள் அவன் தடுப்பாளனைத் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2015-16 முதல் பந்தைக் கையில் பிடித்து நிற்கும்போது மட்டுமே இந்தக் கணக்கு. தட்டிக்கொண்டிருந்தால் கணக்கே இல்லை. கோடைப் போட்டிகளில் ஒவ்வோர் அரங்கின் வாசலிலும் ஒவ்வொரு விதித்தாள் ஒட்டியிருக்கும். அங்கே ஆடிவிட்டு நவம்பரில் பள்ளி அணிக்குத் திரும்பும் பிள்ளைகள் என் எண்ணும் கையைப் பார்த்து விழிப்பதை நான் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பார்க்கிறேன். ஐந்து வந்ததும் விசில் ஊதினால் "நான் என்ன செய்தேன்?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் நடிப்பதில்லை, அவர்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

நீங்கள் எப்போதும் இப்படிப் பிரிந்திருக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கூடைப்பந்தைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் எழுதிய 13 விதிகள் இரண்டு தாளில் அடங்கியவை. அதன்பின் வெகுகாலம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் விதி வகுத்தது ஒரு கூட்டுக் குழுதான். அந்தக் குழு தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் நெட்டையான மாணவர் லூ ஆல்சின்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார், கூடைக்குள் பந்தைத் திணிப்பதைக் கண்டு மிரண்டு, 1967-இல் டங்க் அடிப்பதையே தடைசெய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தடை. ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1976-77-இல்தான் கல்லூரியில் அது நீங்கியது. முட்டாள்தனமான விதிதான். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே முட்டாள்தனமாக இருந்தது.

மூன்று புள்ளிக் கோட்டின் கதையும் இதுதான். 1986-87-இல் ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு 19 அடி 9 அங்குலத்தில் கோடு போட்டார்கள். அடுத்த பருவமே பள்ளிகளும் பெண்கள் கல்லூரி ஆட்டமும் அதே கோட்டை எடுத்துக்கொண்டன. இருபது ஆண்டுக்கு மேல் 15 வயதுப் பெண்ணும் 22 வயது ஆணும் ஒரே கோட்டுக்குப் பின்னாலிருந்து எறிந்தார்கள். 2008-இல் கல்லூரி ஆண்கள் ஓரடி பின்னால் போனார்கள். 2019-இல் முதல் பிரிவு ஆண்கள் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் கோட்டுக்கே, அதாவது 22 அடி 1¾ அங்குலத்துக்கு நகர்ந்தார்கள். பெண்கள் 2021-இல் அங்கே வந்து சேர்ந்தார்கள். பள்ளிக் கோடு 1987-இல் போட்ட இடத்திலேயே இருக்கிறது.

இருக்கட்டும் என்பதே என் கட்சி. எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்று கேட்பவன் என்று என்னைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுப் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் வளர்ந்தவனுடையவை அல்ல. தூரத்தைக் கூட்டினால் அவன் பந்தை இடுப்பிலிருந்து வீசக் கற்றுக்கொள்வான்; பின்பு அதைத் திருத்த இரண்டு வருடம் ஆகும். பல பள்ளி அரங்குகளில் ஆடுகளத்தின் நீளமே 84 அடிதான், கல்லூரிக்கு 94. ஆட்டம் பள்ளியில் 32 நிமிடம், கல்லூரியில் 40. இவையெல்லாம் உடம்புக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறுபடுபவை, வேறுபட வேண்டியவை. பள்ளியில் ஆடும் பையன்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்று 700-ஆம் எண் வீட்டுக்காரர்களே கணக்குக் கொடுக்கிறார்கள். அந்த நால்வரின் வசதிக்காக மற்ற 96 பேரின் ஆட்டத்தைத் திருகுவது நியாயமில்லை. பள்ளி ஆட்டம் கல்லூரிக்கான காத்திருப்பு அறை அல்ல. பெரும்பாலானோருக்கு அதுவே கடைசி ஆட்டம்.

ஆனால் 'ஃபவுல் என்றால் என்ன' என்பது உடம்பைப் பொறுத்ததா? 'சட்டப்படியான தடுப்பு நிலை' என்பதற்கு வயது உண்டா?

உங்கள் விதிநூல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அதிசயமாக, வரிசை எண்கள்கூட ஒன்றாகவே இருக்கின்றன. முதல் விதி ஆடுகளமும் கருவிகளும். ஐந்தாம் விதி புள்ளியும் நேரமும். நான்காம் விதி, இரு வீட்டிலும், வரையறைகள். தடுப்பது என்றால் என்ன, நெருங்கித் தடுப்பது என்றால் என்ன, பந்து எப்போது ஓர் அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றெல்லாம் சொல்லும் இடம் அது. நான் கேட்பது இவ்வளவுதான்: முதல் விதியும் ஐந்தாம் விதியும் அவரவர் வீட்டுச் சமையலாக இருக்கட்டும். நான்காம் விதியை மட்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே வாசகமாக எழுதுங்கள். வில் வேண்டும் என்றால் இருவருக்கும் வேண்டும். வேண்டாம் என்றால் இருவருக்கும் வேண்டாம். என்னைக் கேட்டால் வேண்டும். கூடைக்கு அடியில் ஓடிப்போய் நின்று மோதல் வாங்குவது தடுப்பாட்டமே அல்ல, பின்மண்டை தரையில் படும் ஆபத்து வேறு. அதற்கு ஆகும் செலவு ஒரு சுருள் ஒட்டு நாடா. தட்டும்போது ஐந்து வினாடி எண்ணுவதைக் கல்லூரி கைவிட்டது சரியா என்றால், சரிதான், அவர்களிடம் ஷாட் கிளாக் இருக்கிறது, பந்து கைக்கு வந்தபின் இத்தனை வினாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று எண்ணும் கடிகாரம். அது இல்லாத மாநிலத்தில் இந்த எண்ணிக்கை ஒன்றுதான் ஆட்டத்தை நகர்த்துகிறது. ஆகவே இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது யார் என்பதில் எனக்கே இரண்டு மனம். அதை நீங்கள் பேசித் தீர்க்க வேண்டும், நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பெற்றோரிடம் பேசித் தீர்க்க முடியாது.

ஒற்றுமை என்று நான் சொல்லும்போது பள்ளிதான் கல்லூரியைப் பார்த்து எழுத வேண்டும் என்று 700-ஆம் எண்ணில் யாராவது நினைத்தால், உங்கள் ஃபவுல் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2023-24 முதல் பள்ளிகளில் ஒரு பகுதிக்குள் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. அடுத்த பகுதி தொடங்கினால் கணக்கு மீண்டும் பூஜ்யம். அதற்கு முன் இருந்த ஒன்றுக்கு ஒன்று முறையில், முதல் எறி விழுந்தால்தான் இரண்டாவது எறி. விழாவிட்டால் அந்தப் பந்துக்காகப் பத்துக் கைகளும் முழங்கைகளும் மோதும். அப்படிப் பந்தைப் பிடிக்கத் துள்ளும்போது காயங்கள் அதிகம் என்று சொல்லிப் பள்ளிக் குழு அதை எடுத்துவிட்டது. நல்ல முடிவு. பெண்கள் கல்லூரி ஆட்டம் 2015-16-லேயே 10 நிமிடப் பகுதிகள் நான்குக்கும் இதே ஐந்து ஃபவுல் கணக்குக்கும் மாறிவிட்டது. ஃபிபாவிலும் என்.பி.ஏ.யிலும் பகுதிக்கு ஐந்தாவது ஃபவுல்தான். இதை நான் எழுதும் 2025-இல், 20 நிமிடப் பாதிகள் இரண்டு, ஏழாவது ஃபவுலில் ஒன்றுக்கு ஒன்று, பத்தாவதில் இரண்டு என்று தனியாக நிற்பது ஆண்கள் கல்லூரி ஆட்டம் மட்டுமே. ஒரே கல்லூரியில், ஒரே அரங்கில், மதியம் தங்கை ஆடும் ஆட்டத்துக்கும் மாலையில் அண்ணன் ஆடும் ஆட்டத்துக்கும் கணக்கு வேறு. பள்ளியில் தங்கையின் கணக்கில் ஆடிய அண்ணன் கல்லூரிக்குப் போனதும் பழைய கணக்குக்குத் திரும்புகிறான். ஊர் உலகமே ஒரு பக்கம் போக, இவர்கள் மட்டும் பாட்டன் காலத்துப் படியைக் கையில் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி ஷாட் கிளாக். ஒரே விதி வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் அவர்களோடு சேரமாட்டேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 1982-இல் வட கரோலினா, வர்ஜீனியா பல்கலைக்கழகங்கள் மோதிய, ஏ.சி.சி. என்னும் கல்லூரித் தொடரின் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடங்கள் பலவற்றை வட கரோலினா பந்தைக் கைமாற்றிக்கொண்டே கழித்தது. ஆட்டம் 47-45 என்று முடிந்தது. 1985-86-இல் கல்லூரி ஆண்களுக்கு 45 வினாடி வந்தது. பிறகு 35, 2015-இல் 30. பள்ளிகளுக்கு 2022-23 முதல் 35 வினாடி கடிகாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள். நான் விசில் ஊதும் மாநிலம் இன்னும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நடுவர் ஆவதற்கு முன் இரண்டு ஆண்டு நான் மேசையில் உட்கார்ந்து கடிகாரம் இயக்கியவன். ஆட்டக் கடிகாரமே போதுமான தலைவலி. ஷாட் கிளாக்குக்கு உட்காருபவர் பந்து வளையத்தில் பட்டதா, பலகையில் மட்டும் பட்டதா என்று பார்க்க வேண்டும். தட்டிவிடப்பட்ட பந்து யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டும். ஃபவுல் என்றால் முழுதாகத் திருப்புவதா, மிச்ச நேரத்தை விடுவதா என்று அறிய வேண்டும். கருவி வாங்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதைக்கூடப் பெற்றோர் சங்கம் கேக் விற்றுச் சேர்த்துவிடும். வாரத்துக்கு இரண்டு மாலை, ஆண் பெண் அணிகள், இளைய அணிகள் எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலியில் உட்காரப் பயிற்சி பெற்ற ஆள் எங்கே? எங்கள் மாவட்டத்தின் ஓரத்தில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே கடிகாரம் இயக்குவதும் சோளப்பொரி விற்பதும் ஒரே அம்மையார். அவரிடம் இன்னொரு பொத்தானைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒரே விதிநூல் எப்படி இருக்கும் என்பது எனக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல, வாழ்ந்து பார்த்தது. தமிழ்நாட்டுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்து வேரூன்ற வைத்ததில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள்தான் எங்கள் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களில் பலர். அங்கே பள்ளி மாவட்டப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் ஒரே ஃபிபா விதிதான். 2000-இல் ஃபிபா இரண்டு பாதிகளை நான்கு பகுதிகளாக்கி, 30 வினாடியை 24 ஆக்கியபோது, ஒலிம்பிக் வீரனுக்கும் எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே மாற்றம். கோவையில் பெரிய கல்லூரிகளின் ஆட்டத்தைச் சுவரில் ஏறி உட்கார்ந்து பார்ப்போம். அங்கே நடுவர் கொடுத்ததையே மறுநாள் எங்கள் சிமெண்டுத் தரையில் எங்கள் ஆசிரியர் கொடுப்பார். யாரும் யாருக்கும் விதியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த 30 வினாடி எங்கள் பள்ளி ஆட்டங்களில் ஒரு நாளும் 30 வினாடியாக இருந்ததில்லை. கடிகாரம் ஏது? ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அது 50 ஆகும். தம் அணி பின்தங்கியிருந்தால் 20-இலேயே முடியும். காகிதத்தில் ஒரே விதி, கையில் கருவி இல்லை. சோளக்காட்டு அம்மையாரை நினைத்து நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லுக்கும் வரையறைக்கும் கருவி வேண்டாம். ஒரு வாசகம் போதும்.

டைம் அவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை, புகாராக அல்ல, புலம்பலாக. பள்ளி ஆட்டத்தில், பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைமைப் பயிற்சியாளர் கத்தி டைம் அவுட் கேட்கலாம். என் முதுகுக்குப் பின்னால் யாரோ "டைம்!" என்று கத்தினால், அது அந்த அணியின் பயிற்சியாளரா, உதவியாளரா, மூன்றாம் வரிசையில் இருக்கும் மாமாவா என்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். திரும்பும் அந்த நொடியில்தான் எப்போதும் களத்தில் ஃபவுல் நடக்கும். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2015-16-இலேயே இதை நிறுத்தி, பந்து ஓடும்போது ஆட்டக்காரர் மட்டுமே கேட்கலாம் என்றாக்கினார்கள். ஃபிபாவில் பயிற்சியாளரோ முதல் உதவியாளரோ மட்டுமே கேட்க முடியும், அதுவும் மேசை வழியாக. இது ஐந்தாம் விதி. அவரவர் வீட்டுச் சமையல் என்று நான்தான் சொன்னேன், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை என்பதற்கு உங்கள் கைவேலையே சான்று. எறிந்த பந்து பலகையில் பட்டு இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது தடுப்பாளன் அதைத் தட்டினால் கல்லூரியில் அது கோல்டெண்டிங் என்ற விதிமீறல். பள்ளியில் பந்து இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று இத்தனை காலம் பிடிவாதமாக இருந்தீர்கள். ஓடுகிற ஆட்டத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். 2025-26 பருவத்திலிருந்து பலகையில் பட்டுவிட்டாலே போதும் என்று பள்ளிக் குழுவும் மாற்றிவிட்டது. ஒரு வாசகம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. வானம் இடிந்து விழவில்லை. இதையே ஒவ்வொன்றாக, பத்தாண்டுக்கு ஒருமுறை, யாரோ ஒரு நடுவர் திட்டு வாங்கிய பிறகு செய்வதை விட, ஒரு முறை உட்கார்ந்து முழு நான்காம் விதியையும் செய்துவிடலாம்.

பள்ளிக் குழு ஏப்ரலில் கூடுகிறது. கல்லூரிக் குழுக்கள் அதையொட்டி மே மாதத்தில் கூடுகின்றன. அடுத்த ஆண்டு ஏப்ரல் கூட்டத்தின் கடைசி நாளுக்கு 700-இலிருந்து ஆண்கள் குழுவில் இருவரும் பெண்கள் குழுவில் இருவரும் நடந்து வரட்டும். கையில் இரண்டு நூல்களின் நான்காம் விதி மட்டும். எங்கே வாசகம் வேறுபடுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. வேறுபாட்டுக்கு வயதோ உடம்போ காரணம் என்று யாராவது எழுந்து சொல்ல முடிந்தால் அதை விட்டுவிடுங்கள். சொல்ல முடியாதவற்றை ஒன்றாக்குங்கள். வேலை செய்யும் நடுவர்கள் சிலரையும் அழையுங்கள். பெட்ரோல் செலவு கேட்க மாட்டோம். அந்தக் கார் நிறுத்துமிடத்து அப்பாவையும் முடிந்தால் அழைத்து வருகிறேன்.

ஆங்கிலப் படிகளை இன்று காலை அஞ்சலில் சேர்த்துவிட்டேன். ஒரே உறையில் போட்டு "690, 700 இரண்டுக்கும்" என்று எழுதலாமா என்று அஞ்சலகத்தில் கேட்டேன். முடியாது, இரண்டு தபால்தலை ஒட்ட வேண்டும் என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளிக் கூடைப்பந்து நடுவர்